ஸ்மோக்கரில் சூடு ஏறவில்லை, என்ன செய்வது?

கேள்வி: இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு, உருளை வடிவ மரக்கரி ஸ்மோக்கர் ஒன்று வாங்கினேன். கரியை நிறையப் போட்டு, தண்ணீர்ச் சட்டியையும் நிரப்பி, புகை வீணாகக் கூடாதென்று மேல் துவாரத்தை மூடிவிட்டேன். இரண்டு மணி நேரமாகியும் மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் முள் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. கோழித்தொடை வெளியே நல்ல நிறம், எலும்பை ஒட்டிச் சிவப்பு. இன்னும் கரி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் மேல் துவாரத்தை முழுசாகத் திறங்கள்.

சூடான காற்று மேலே போனால்தான் கீழே இருந்து புதுக் காற்று உள்ளே வரும். மேலே அடைத்துவிட்டால் அந்த ஓட்டம் நின்று தணல் மங்கிவிடும். அதன் மேல் கரியைக் கொட்டினால் இன்னும் மோசம், இருக்கிற கொஞ்சக் காற்றும் இடுக்குகளில் நுழைய முடியாது. அடைபட்ட புகை வெள்ளையாகக் கெட்டியாகி இறைச்சியில் படியும். நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் நாக்கில் கரி தடவியது போலிருக்கிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாகப் போகிற புகையே மணத்துக்குப் போதும்.

ஆக, மேல் துவாரம் எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த் துவாரத்தின் வேலை. முள் 100ஐத் தொடும்வரை அதையும் முழுசாகத் திறந்து வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால்தான் மாற்றம் தெரியும். அவசரப்பட்டுத் திருகிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்றே பிடிபடாது.

துவாரம் திறந்தும் சூடு ஏறாவிட்டால் கரிச்சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். விலை குறைந்த ஸ்மோக்கர்கள் சிலவற்றில் கரி நேராகத் தகரத்தின் மேலேயே கிடக்கும், அடியில் ஓட்டை கூட இருக்காது. அரை மணி நேரத்தில் தன் சாம்பலிலேயே புதைந்துவிடும். இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு கம்பித்தட்டு வைத்து அதன் மேல் கரியைப் போட்டால் சாம்பல் கீழே உதிரும், காற்றும் அடியில் புகும். போன தடவைச் சாம்பலையும் அள்ளிவிடுங்கள். மூட்டை அடியில் சேர்ந்திருக்கும் கரித்தூளைச் சலித்து எடுத்துவிட்டுத் துண்டுகளை மட்டும் போடுங்கள். சடசடவென்று வெடித்தால் கரி நமுத்துப்போயிருக்கலாம், வெயிலில் காய வையுங்கள்.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை இறைச்சியில் ஏறும். ஓட்டை போட்ட தகர உருளையில் கரியை அடுக்கி, அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் இருபது நிமிடத்துக்குள் மேல் துண்டுகளும் நீறு பூத்துவிடும். அதை ஸ்மோக்கரில் இருக்கும் பற்றாத கரியின் மேல் கொட்டுங்கள். தீ மேலிருந்து மெல்ல இறங்கிப் பல மணி நேரம் நிற்கும்.

அடுத்தது தண்ணீர்ச் சட்டி. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவியாகும்போது சூட்டையும் விழுங்கும். பச்சைத் தண்ணீரை நிரப்பி வைத்தால் கரி முதலில் வெந்நீர்தான் போட்டுக்கொண்டிருக்கும்! கொதிக்கிற தண்ணீரைப் பாதியளவு ஊற்றுங்கள். கோழிக்கு அதுவும் தேவையில்லை. காலிச் சட்டியில் அலுமினியத் தாள் விரித்தால் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக வேக வேண்டிய பெரிய துண்டுகளுக்கு 107 முதல் 135 டிகிரி சரி. கோழியை 135க்கு மேலேயே வையுங்கள், இல்லாவிட்டால் தோல் ரப்பராகிவிடும்.

மூடியில் இருக்கும் முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கழற்ற முடிந்தால் கொதிநீரில் நுனியை வைத்துப் பாருங்கள், கடல்மட்ட ஊர் என்றால் 100 காட்ட வேண்டும். சரியாகக் காட்டினாலும் அது மூடிக்கு அடியில் உள்ள சூடு, இறைச்சி இருக்கும் தட்டின் சூடு வேறாக இருக்கும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். கோழியின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் 74 காட்டினால் வெந்துவிட்டது. எலும்போரம் சிவப்பாக இருந்தாலும் பயமில்லை, மஜ்ஜையின் நிறம் அது. ஆடு, மாடு, பன்றிக் கொத்துக்கறிக்கு 71. அவற்றின் முழுத் துண்டுகளுக்கு 63, அதன்பின் மூன்று நிமிடம் ஆற விட வேண்டும்.

பெரிய துண்டுகள் 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். தீயில் குறை இல்லை, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி உள்ளே ஏறும் சூட்டை ஈடுகட்டுகிறது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் இருக்கிற சூடும் போய்விடும்.

காற்று பலமாக அடித்தால் ஒரு மறைப்பு வையுங்கள். அதற்காக வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். எல்லாம் செய்தும் சூடு ஏறவில்லை என்றால் கோழியை ஸ்மோக்கரிலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டு வைக்காமல், சீக்கிரமே எடுத்து வீட்டு ஓவனில் வைத்து 74 வரும்வரை வேகவிடுங்கள். அதற்குள் பிடித்த புகை மணம் போகாது.