அது யார் போட்ட பாட்டு?

கேள்வி: 'கண்ணுக்குள் நூறு நிலவா' போல இளையராஜா இசையில் வந்து, அதிகம் பேசப்படாமல் போன எண்பதுகளின் பாடல்களைக் கேட்டால் மனசு என்னவோ செய்கிறது. பெரிய ஹிட் பாடல்களைக் கேட்கும்போது அப்படி ஆவதில்லையே, ஏன்? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: 'இளையராஜா இசையில்' என்று எழுதிவிட்டீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அது தேவேந்திரன் போட்ட பாட்டு. 1987-ல் வந்த 'வேதம் புதிது' படத்துக்கு இசை அவர்தான். இந்தத் தவறை இதே பக்கத்தில் பல தடவை திருத்தியிருக்கிறேன். இனியும் திருத்துவேன்.

ராஜா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு 40 படங்களுக்குக் குறையாமல் இசையமைத்தவர். அந்த வெள்ளத்தில் பக்கத்து வாய்க்கால் தண்ணீரும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. 'ரவிவர்மன் எழுதாத கலையோ' பாட்டுக்கு இசை எம்.எஸ். விஸ்வநாதன். வாணி ஜெயராம் உருகிப் பாடிய 'மேகமே மேகமே', சங்கர் கணேஷ் போட்டது. 'செந்தூரப்பூவே இங்கு தேன் சிந்த வா வா' மனோஜ் கியான். 'பன்னீரில் நனைந்த பூக்கள்' பாட்டை பம்பாயிலிருந்து வந்து போட்டவர்கள் லட்சுமிகாந்த் பியாரேலால். இவற்றில் ஒன்றையாவது 'ராஜாவின் இரவு கீதம்' என்று யாராவது போடாத வாரம் இல்லை.

என் மனம் ஆறாதது வி.எஸ். நரசிம்மன் விஷயத்தில்தான். 1986-ல் வந்த ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் நம்மைக் கரைக்கிற அந்த வயலின் இவருடைய கை. அதற்கு இரண்டு வருடம் முன்பே பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு இசையமைத்து 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' பாட்டைத் தந்தவர். கிராமத்து மெட்டு, கூடவே வயலின் என்றதும் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ராஜா என்கிறார்கள். அடுத்தவர் பாட்டுக்கு வாசித்ததும் இவர்தான், தன் பாட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நிற்பதும் இவர்தான்.

வானொலியில் அன்றைக்குப் பாட்டைப் போடும்போது படம், பாடியவர், எழுதியவர், இசை என்று பெயர்களை நிதானமாகச் சொல்வார்கள். பத்து விநாடிகூட ஆகாது. இன்றைய பண்பலைத் தொகுப்பாளர்கள் காலை டிபன் என்ன சாப்பிட்டோம் என்று இரண்டு நிமிடம் பேசுகிறார்களே, அதில் ஒரு பத்து விநாடியைத் தேவேந்திரனுக்குக் கொடுக்கலாம்.

சரி, உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன். பெரிய பாட்டைக் கல்யாண வீட்டில் கேட்டோம், பேருந்தில் கேட்டோம், டிவி போட்டியில் குழந்தைகள் பாடக் கேட்டோம். அதன் மேல் நாற்பது வருடம் படிந்து கிடக்கிறது. சின்னப் பாட்டை அன்றைக்குக் கேட்டதோடு சரி. திடீரென்று காதில் விழும்போது நேராக அந்த வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய் விடுகிறது.

எனக்கு அவை வந்து சேர்ந்த வழியே தனி. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஆறு பாட்டு போக மூன்று நிமிட டேப் மிஞ்சும். அதை வெறுமனே விட மனமில்லாமல் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டுத் தருவார். நான் கேட்காத பாட்டு, பட்டியலில் இல்லாத பாட்டு. 'ரவிவர்மன்' எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இரண்டாவது சரணம் முடிவதற்குள் டேப் தீர்ந்து, பிளே பட்டன் 'டக்' என்று எழும்பிவிடும். இப்போது பாட்டு முழுசாகவே கிடைக்கிறது. அந்த இடம் வரும்போது மட்டும் என் காது அந்த 'டக்'குக்குக் காத்திருக்கிறது.