கடன் கொடுத்தவர் கண்ணில் நம் சாட்சி

கேள்வி: அலுவலக நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடனை ஒரு வருடமாகியும் திருப்பித் தர முடியவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்ல. இப்போதெல்லாம் அவர் அழைத்தால் போனை எடுக்கவே சங்கடமாக இருக்கிறது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறாமல் கொடுக்கிறேன், தினமும் ஸ்டேட்டஸில் வசனம் வைக்கிறேன். போன வாரம் எல்லோர் முன்னிலையிலும், "வசனத்துக்கு மட்டும் குறைச்சலில்லை" என்று சொல்லிவிட்டார். விசுவாசத்துக்காக வரும் நிந்தை என்று இதைச் சகித்துக்கொள்ளலாமா?

பதில்: சகோதரரே, நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது வலிக்கத்தான் செய்யும். ஆனால் கொடுத்த பணம் வராத கோபத்தில் பேசியிருக்கிறார், அதில் உங்கள் விசுவாசத்தை ஏன் இழுக்கிறீர்கள்? கிறிஸ்தவனாக இருப்பதால் பாடு வந்தால் வெட்கப்பட வேண்டாம் என்று எழுதிய அதே பேதுரு, அதற்கு முந்தின வசனத்திலேயே தப்பு செய்துவிட்டுப் பாடுபடுகிறவனாக உங்களில் ஒருவனும் இருக்கக்கூடாது என்கிறார் (1 பேதுரு 4:15, 16).

அவர் பக்கமிருந்து கொஞ்சம் பாருங்கள். காலையில் போனைத் திறந்தால் உங்கள் வசனம், மதியம் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை, ஆனால் ஆன்லைனில் இருப்பது மட்டும் தெரிகிறது. வேதாகமத்தைத் தொட்டே பார்க்காதவராக இருந்தால், இயேசுவைப் பற்றி அவருக்குக் கிடைத்திருக்கும் செய்தி மொத்தமும் இதுதான்.

தசமபாகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மத்தேயு 5:23, 24-ல் காணிக்கையோடு பலிபீடம்வரை வந்துவிட்டவனையே, அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் திருப்பி அனுப்புகிறார். கவனியுங்கள், அங்கே மனக்குறை காணிக்கை கொண்டுவந்தவனுக்கு இல்லை, அவன் பேரில் இன்னொருவனுக்கு. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களையும் அவர் சும்மா விடவில்லை (மாற்கு 7). இன்னொருவருடைய பணத்தை வைத்துக்கொண்டு காணிக்கை கொடுப்பது என் மனதுக்குச் சரியாகப் படவில்லை. போதகரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், நல்ல போதகர் என்றால் முதலில் கடனை அடைத்துவிட்டு வா என்றுதான் சொல்வார்.

எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அவள் பிள்ளைகளை அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். அவள் வீட்டிலிருந்த கொஞ்சம் எண்ணெய் பெருகி அற்புதம் நடந்த பிறகு தீர்க்கதரிசி அவளை சாட்சி சொல்லவா அனுப்பினார்? எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார் (2 இராஜாக்கள் 4:7). எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே நேரில் போங்கள். "ஜெபத்தில் வைத்திருக்கிறேன்" என்றெல்லாம் ஆரம்பிக்காமல், போனை எடுக்காததற்கு மன்னிப்புக் கேளுங்கள், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள், முதல் தவணையைக் கையோடு கொண்டுபோங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மாதம் முடியாமல் போனால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், கடன் தீரும்வரை அந்த ஸ்டேட்டஸ் வசனங்களை நிறுத்திவையுங்கள். சபைக்கு வாருங்கள் என்று அவரை அழைப்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.