கையேடு எழுதியாச்சு, அதுக்குள்ள சாஃப்ட்வேர் மாறிடுச்சு

அக்கா வணக்கம்,

மன்னார்குடி பக்கத்து கிராமத்துலேர்ந்து எழுதுறேன், பேர் மட்டும் போடவேணாம். 2022-ல நாங்க நாலு பேரு சேர்ந்து லிப்ரே ஆபிஸ் கால்க்குக்கு (கணக்கு அட்டவணை போடுற இலவச சாஃப்ட்வேர்) தமிழ்ல ஒரு கையேடு எழுதினோம், அப்ப எங்ககிட்ட இருந்தது 7.3 வெர்ஷன். ஊர்ல மகளிர் குழு கணக்கு எழுதுறவங்க, பிளஸ் டூ முடிச்ச பசங்க எல்லாரும் அதை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுதான் கத்துக்கிட்டாங்க. இப்ப புதுசா வாங்கின லேப்டாப்ல 25.8 போட்டுருக்கு, கையேட்டுல இருக்குற படம் நெறைய ஒத்து வரல. போன வாரம் குழு கணக்கு பாக்குற ஒரு அக்கா கண்ட்ரோலையும் வலது பக்க அம்பையும் சேர்த்து அழுத்தியிருக்காங்க, கடைசி காலம் (மேலேர்ந்து கீழ போற கட்ட வரிசை, column) ஏஎம்ஜேனு (AMJ) நாங்க எழுதியிருந்தோம், அவங்களுக்கு எக்ஸ்எஃப்டினு (XFD) வந்துருக்கு. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு பயந்து மூடி வெச்சுட்டாங்க. எழுதின நாலு பேர்ல ரெண்டு பேரு வேலைக்கு திருப்பூர், சிங்கப்பூர்னு போயாச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன் வருது, ஒவ்வொரு தடவையும் முழுசா திருத்தி எழுதணுமா, இல்ல இதோட விட்டுடலாமா? ஏற்கனவே ஊருக்குள்ள சுத்துற ஜெராக்ஸ் காப்பியெல்லாம் என்ன பண்றது?

தம்பிக்கு,

விட்டுடாதீங்க. முழுசா எழுதவும் வேணாம்.

முதல்ல அந்த அக்காவ பாத்து சொல்லிடுங்க, அவங்க எதையும் கெடுக்கல. 7.3-ல ஒரு ஷீட்டுக்கு 1024 காலம்தான், அதனால ஏஎம்ஜேவோட நின்னுடும். 2022 ஆகஸ்ட்ல வந்த 7.4-ல அதை 16,384 ஆக்கிட்டாங்க, அதனால எக்ஸ்எஃப்டி வரைக்கும் போகுது. ரெண்டுமே சரிதான், வேற வேற வெர்ஷன், அவ்ளோதான். எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்தது அவங்க பயந்ததுதான். புதுசா கத்துக்கறவங்க பேப்பர்ல இருக்கறத நம்புவாங்க, தன்னை நம்ப மாட்டாங்க, திரையும் பேப்பரும் ஒத்துப் போகலன்னா பேப்பர் பழசாயிருக்கும்னு அவங்களுக்கு தோணவே தோணாது. இது எந்த வெர்ஷனுக்கு எழுதினதுனு பக்கத்துக்கு பக்கம் கீழ ஒரு வரி இருந்திருந்தா அவங்க யார்கிட்டயாவது கேட்டிருப்பாங்க. அதனால நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை திருத்துறது இல்ல, ஒவ்வொரு பாடத்துக்கு மேலயும் "இது 7.3-ல செஞ்சு பாத்து எழுதினது, 2022"னு போடுறது. புஸ்தகத்துக்கு ஒண்ணு போட்டா பத்தாது, பாடத்துக்கு பாடம் போடணும், ஏன்னா பின்னாடி நாலாவது பாடத்த மட்டும் புதுசாக்கினா அதுக்கு மட்டும் நம்பர் மாறும், மத்தது இன்னும் பாக்கலங்கறது படிக்கிறவங்களுக்கு தெரியும். வாட்ஸாப்ல போன பிடிஎஃப்ப யாராலயும் திருப்பி வாங்க முடியாது, அந்த ஒரு வரியாவது அது கூடவே போகட்டும்.

லிப்ரே ஆபிஸ் பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் புது வெர்ஷன் விடுறாங்க. 2023 ஆகஸ்ட்ல 7.6 வரைக்கும் பழைய கணக்கு, 2024-லேர்ந்து வருஷமும் மாசமுமே நம்பர், 24.2, 24.8, 25.2, 25.8 இப்படி. ஆனா மேட்டூர்ல தொறந்த தண்ணி அன்னைக்கே கடைமடைக்கு வந்துடுதா? அதே மாதிரிதான் இதுவும், விட்ட அன்னைக்கே எல்லார் மெஷினுக்கும் வந்துடாது. உங்க ஊர்ல யார்கிட்ட என்ன ஓடுதுனு மொதல்ல ஒரு சுத்து கேட்டு எழுதுங்க. விண்டோஸுக்கு பதிலா உபுண்டு லினக்ஸ் 22.04 போட்டவங்களுக்கு லிப்ரே ஆபிஸ் 7.3 கூடவே வந்தது, 24.04 போட்டவங்களுக்கு 24.2, அவங்களா மாத்தினாலொழிய அங்கயேதான் இருக்கும், பிழை திருத்தம் மட்டும் வரும். அடுத்தது விண்டோஸ் 7-ல இன்னும் ஓடிக்கிட்டிருக்குற பழைய மெஷினுங்க, 25.8 அதுல ஏறாது, விண்டோஸ் 8-லயும் 8.1-லயும் ஏறாது, அவங்களுக்கு 25.2தான் கடைசி. அப்ப உங்க பழைய கையேடு குப்பை இல்ல தம்பி, அது இன்னும் பலபேருக்கு சரியான கையேடு, அழிச்சுடாதீங்க. எந்த வெர்ஷன் நெறைய பேர்கிட்ட இருக்கோ அதுக்கு எழுதணும், புதுசா வந்ததுங்கறதுக்காக எழுதக்கூடாது. லிப்ரே ஆபிஸோட இங்கிலீஷ் கையேடுகளயும் தன்னார்வலர்கள்தான் எழுதுறாங்க, அங்கயே எல்லா கையேடும் எல்லா ரிலீஸுக்கும் வர்றதில்ல. அவங்க அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சு வெச்சு, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாத்து திருத்தி, முன்னாடியே எந்த வெர்ஷன்னு போட்டு, இந்தப் பதிப்புக்கு உழைச்சவங்க, முந்தின பதிப்புகளுக்கு உழைச்சவங்கனு எல்லார் பேரையும் போடுறாங்க. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன அந்த ரெண்டு பேரு பேரையும் நீங்க எடுத்துடாதீங்க.

எப்ப உக்காந்து எழுதுறதுங்கறதுக்கு நம்ம ஊர் கணக்குதான் பாக்கணும். பிப்ரவரி ரிலீஸ் வர்றப்ப சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்துல மூட்டையோட காத்துக்கிடக்குற நேரம், அப்ப யாரையும் கையேடு எழுத கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. ஆகஸ்ட்ல குறுவை வயல்ல நிக்கும், சம்பாவுக்கு நாத்து விடுற வேலையும் சேர்ந்துக்கும். அதனால ஆகஸ்ட் ரிலீஸ கண்டுக்காம விட்டுட்டு வருஷத்துக்கு ஒரே தடவை, கோடையில, பிப்ரவரி வெர்ஷனுக்கு எழுதுங்க. மே மாசத்துக்குள்ள அதுக்கு ரெண்டு மூணு திருத்தம் வந்து கொஞ்சம் நிலைச்சிருக்கும், பசங்களுக்கும் லீவு, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குறப்ப கையேடும் கையில இருக்கும்.

அப்படி உக்காரும்போது உங்க கையேட்டுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, ரிலீஸ் நோட்ஸ்லேர்ந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் என்ன மாறினதுனு எழுதி வெக்கிறாங்க, நீங்க விட்டுட்ட வெர்ஷனோடதையும் சேர்த்துப் படிக்கணும். கால்க் பகுதிய மட்டும் படிச்சா போதும்னு நெனைக்காதீங்க, எல்லாத்துக்கும் பொதுவான பகுதியும் இருக்கும். கூட்டல், வரிசைப்படுத்துறது, ஃபில்டர் போடுறது, பார்டர் போடுறதுனு உங்க கையேட்டுல முக்காவாசி அப்படியே செல்லும்னுதான் நெனைக்கிறேன். புதுசா சேர்ந்தது கண்ணுக்கு தெரியும், 24.8-ல எக்ஸ்லுக்அப்ங்கற ஃபார்முலா வந்த மாதிரி, அதை சேர்க்காம விட்டாக்கூட யாருக்கும் நஷ்டம் இல்ல. மாட்டிவிடுறது எதுன்னா சத்தமில்லாம மாறுற டீஃபால்ட்தான், அதாவது நாம தொடாமலே போட்டு வர்ற செட்டிங். 24.2-லேர்ந்து ஆட்டோ ரெகவரி (திடீர்னு நின்னுட்டா எழுதினத மீட்டுக் குடுக்குற வசதி) தானாவே ஆன்ல இருக்கு, அதுக்கு முன்னாடி டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல்னு போய் டிக் போடணும்னு எழுதியிருப்பீங்க, கரண்ட் போற ஊருக்கு அது முக்கியமான பாடம். பழைய படிய வெச்சுக்கிட்டு புது மெஷின்ல அந்த டிக்க தட்டினா ஆன்ல இருந்தது ஆஃப் ஆயிடும். அதனால "டிக் போடுங்க"னு எழுதாம "டிக் இருக்கானு பாருங்க, இல்லன்னா போடுங்க"னு எழுதினா ரெண்டு வெர்ஷனுக்கும் செல்லும். இப்படி எழுதப் பழகிட்டா பாதி திருத்தம் மிச்சம்.

படத்த குறைங்க, ரொம்ப குறைங்க. மெனுவோட பேர வரிசையா எழுத்துல சொன்னா வருஷக்கணக்கா நிக்கும், படம் ஐகான் மாறினாலே பழசாயிடும், 7.5-ல அப்ளிகேஷன் ஐகான் எல்லாமே மாறிச்சு. இன்னொண்ணு, ஒரே வெர்ஷன்லயே வியூ மெனுல யூசர் இன்டர்ஃபேஸ்ல போய் டேப் மாதிரி வெச்சுக்கிட்டவங்களுக்கு திரையே வேற மாதிரி இருக்கும், உங்க படம் எவ்ளோ புதுசா இருந்தாலும் ஒத்து வராது. முதல் பாடத்துலயே எல்லாரையும் ஸ்டாண்டர்ட் டூல்பாருக்கு கொண்டுவந்துடுங்க. எழுத்துல சொன்னா புரியாத இடத்துக்கு மட்டும் படம் போதும்.

அப்புறம் சரிபாக்குறது யாருன்னு ஒரு கேள்வி இருக்கு. எழுதினவங்க பாக்கக்கூடாது, உங்க கை தானா சரியான பட்டனுக்கு போயிடும், பாடத்துல ஒரு படி விட்டுப் போனதே தெரியாது. அந்த கணக்கு அக்காவ கூப்பிட்டு உக்கார வெச்சு, பாடத்த கையில குடுத்து, நீங்க வாயத் தொறக்காம பக்கத்துல இருங்க. அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்கதான் திருத்தணும். சரிபாத்தவங்க பேர்ல அவங்க பேரு வரணும், கட்டாயம் வரணும், அது அவங்களுக்கு நாம காட்டுற மரியாதை.

ஓடிஎஸ், ஓடிடினு முடியுற, திருத்தக்கூடிய மூல ஃபைலெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்குனு நீங்க எழுதல. சிங்கப்பூர் போனவர் லேப்டாப்ல மட்டும்தான் இருக்குன்னா இன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, வெறும் பிடிஎஃப்ப வெச்சுக்கிட்டு ஒரு கையேட்ட திருத்துறது பெரிய வதை. பாடத்துக்கு ஒரு ஃபைல், படத்துக்கு தனி ஃபோல்டர், ரெண்டு பேர்கிட்டயாவது காப்பி.

ஜெராக்ஸ் பத்தி கேட்டீங்க. சுத்துற காப்பியெல்லாம் திருப்பி வாங்க வேணாம், பாக்குறப்ப முதல் பக்கத்துல பேனாவாலயே 7.3னு எழுதிக் குடுத்துடுங்க. இனிமே ஸ்பைரல் பைண்டிங் போடாதீங்க, பாடம் பாடமா ஸ்டேப்பிள் பண்ணி ஒரு ஃபைல்ல வெச்சுக் குடுங்க, மாறின பாடத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து பழசுக்கு பதிலா சொருகிக்கலாம், காசும் மிச்சம். காலம் எண்ணிக்கை வர்ற அந்த பாடத்தையும் ஆட்டோ ரெகவரி பாடத்தையும் மொதல்ல எடுங்க, எழுதினதும் எனக்கு அனுப்புங்க, 24.2-லயும் 25.8-லயும் செஞ்சு பாத்து எங்க இடிக்குதுனு குறிச்சு அனுப்புறேன்.