நாற்றம் நின்றால் ஆபத்தா என்று கேட்ட பெண்

போன வாரம் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேதியியல் என்றால் உயிர். மாமா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் உயிர். பெரிய கல்லூரியில் இடம் வாங்க வீட்டை அடகு வைக்கலாமா என்பதுதான் அப்பாவின் கவலை. "பதறாதீர்கள்" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் அந்தத் தொனியை விட்டுவிட்டேன். சார், அடகு வைக்காதீர்கள். கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

அந்தப் பெண் பள்ளியில் எரிமலைத் தீவுகளின் மின்சாரம் பற்றி ஒரு செயல்திட்டம் செய்திருக்கிறாள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு பற்றிப் பேச்சு வந்ததும், "நாற்றம் நின்றால்தான் ஆபத்தாமே, உண்மையா?" என்று கேட்டாள். பாதி உண்மை. நாற்றம் இருக்கும்போதும் ஆபத்து உண்டு, நின்றால் இன்னும் அதிகம். அழுகிய முட்டை வாடை கொஞ்சமாக இருக்கும்போது மூக்குக்குத் தெரியும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளங்களில் போய்த் தேங்கும். இப்படிக் கேட்கிற பிள்ளையை வேறு பக்கம் தள்ளுவானேன்?

மற்ற படிப்புகளைப் பற்றி உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொன்னது புவிவெப்ப மின்நிலையங்களில், அதாவது நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடங்களில், வாயுவைக் கையாளும் வேலை. நிலத்தடியிலிருந்து வரும் நீராவியோடு கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து வரும். நீராவியைக் குளிர்வித்தால் தண்ணீராகிவிடும், இவை ஆகாது. அப்படியே வெளியே விடலாம், கந்தகத்தைப் பிரிக்கலாம், அல்லது திரும்ப நிலத்துக்குள்ளேயே அனுப்பலாம்.

சிறு தீவில் இது வாழ்வா சாவா விஷயம். மின்நிலையத்தை ஊரிலிருந்து தள்ளி வைக்க இடமே இருக்காது. கரீபியன் தீவான குவாதலூப்பில், பூயாந்த் என்ற ஊரில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிரேக்கத்தின் மிலோஸ் தீவில் 1980களில் 2 மெகாவாட் சோதனை நிலையம் ஒன்று ஓடியது. நாற்றம் தாங்காமல் மக்கள் எதிர்த்தார்கள், மூடிவிட்டார்கள். ஹவாயின் பூனாவில் 1991இல் ஒரு புவிவெப்பக் கிணறு கட்டுப்பாடு மீறி வாயுவைக் கக்கியது.

ஐஸ்லாந்தின் ஹெட்லிஷெய்தி புவிவெப்ப நிலையத்தில் வேறு வழி கண்டார்கள். வாயுவைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்த, கரியமில வாயு கார்பனேட் கல்லாகிவிட்டது. சோதனையில் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லானதாக 2016இல் அறிவித்தார்கள். ஆனால் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். நன்னீர் அரிதான தீவில் என்ன செய்வது? கரீபியன் தீவுகள் பலவற்றில் பாறையும் பசால்ட் இல்லை, ஆண்டசைட் என்ற வேறு வகை எரிமலைப் பாறை. இந்த முடிச்சுகளை அவிழ்க்க வேதியியல் தெரிந்த ஆள்தான் தேவை.

வேலை சொகுசானது இல்லை. காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையில் காஸ்டிக் சோடா கரைசலோடு கிணற்றடிக்குப் போக வேண்டும். கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரைசலில் உறிஞ்சப்படும், மீதி வாயுக்கள் மேலே தங்கும். அப்புறம் ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் அந்த எண்களைப் புரியும்படி சொல்லவும் வேண்டும். (எனக்குக் கேட்டால், இதுதான் கஷ்டமான பாதி.)

இந்தத் துறையில் இடங்கள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் இளங்கலையிலேயே 'புவிவெப்பம்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடாதீர்கள் என்றேன். வேதியியலோ வேதிப் பொறியியலோ போதும், செலவு குறைந்த கல்லூரியில். இதே ஹைட்ரஜன் சல்ஃபைடு கழிவுநீர் நிலையத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் இருக்கிறது, வேலையும் அங்கே இருக்கிறது. வளரும் நாடுகளிலிருந்து இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐஸ்லாந்தில் 1979 முதல் ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது, உதவித்தொகையோடு. அது பட்டமும் கொஞ்சம் அனுபவமும் வந்த பிறகு.

அப்பா கடைசியில், "உறவுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். அதை உங்கள் மகளே சொல்லட்டும் என்றேன். கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன், மூன்று கல்லூரிகளின் கட்டண விவரத்தோடு.