எ மப்பெட் ஃபேமிலி கிறிஸ்துமஸ்: பொம்மைக்குக் கீழே யார்?

போன வாரம் இந்தப் பழைய பொம்மை நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். மப்பெட் என்பவை ஜிம் ஹென்சன் என்பவர் உருவாக்கிய பொம்மைகள். மப்பெட் ஷோ, செசமி ஸ்ட்ரீட், ஃப்ராகிள் ராக் மூன்றும் அவருடைய பொம்மைகள் வரும் தொலைக்காட்சித் தொடர்கள். அந்த மூன்றின் பொம்மைகளும் ஒன்றுசேர்வதுதான் இந்தக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. 1987 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஃபாஸி என்ற கரடி, சொல்லாமல் கொள்ளாமல் தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும் அம்மாவின் பண்ணைவீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு அழைத்துப் போகிறது. அம்மாவோ வீட்டை டாக் என்ற பெரியவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மலிபு கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். நாயோடு நிம்மதியாக நாலு நாள் இருக்கலாம் என்று வந்த டாக் தலையில் ஒரு ஊரே வந்து இறங்குகிறது. வருகிற ஒவ்வொருவரும் வாசலில் பனி உறைந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

சார், இத்தனை பொம்மைகளுக்கும் டப்பிங் கொடுத்தவர்கள் யார் யார்? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, முதலில் அந்த 'டப்பிங்' என்ற வார்த்தையை எடுத்துவிடுவோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் கேட்கின்றன. மப்பெட் பொம்மைகளுக்கு ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஏசி அறையில் உட்கார்ந்து குரல் கொடுப்பது வழக்கம் இல்லை. பொம்மையின் வாய்க்குள் யாருடைய கை இருக்கிறதோ, அவருடைய வாயிலிருந்துதான் குரல். நம் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒருவரே பாவையையும் ஆட்டிக்கொண்டு ராமனுக்கும் ராவணனுக்கும் மாற்றி மாற்றிப் பேசுவாரே, அந்த வகை.

இனி ஆட்கள். ஜிம் ஹென்சன்: கெர்மிட் தவளை, ரௌல்ஃப் நாய், ஸ்வீடிஷ் சமையல்காரர், டாக்டர் டீத், மாடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் கேலி பண்ணும் இரண்டு கிழவர்களில் வால்டோர்ஃப், செசமி ஸ்ட்ரீட்டின் எர்னி. ஃபிராங்க் ஓஸ்: மிஸ் பிக்கி, ஃபாஸி, அனிமல், பெர்ட், க்ரோவர், குக்கி மான்ஸ்டர். ஜெர்ரி நெல்சன்: தவளைக் குட்டி ராபின், ஃப்ளாய்ட், கவுன்ட், ஃப்ராகிள் ராக்கின் பொம்மைகளான ஃப்ராகிள்களில் கோபோ. ஃபாஸியின் அம்மா எமிலியும் இவர்தான். ரிச்சர்ட் ஹன்ட்: ஸ்கூட்டர், ஜானிஸ், மாடத்தில் இன்னொரு கிழவரான ஸ்டாட்லர். டேவ் கோயல்ஸ்: கான்ஸோ, ஃப்ராகிள்களில் பூபர். ஸ்டீவ் விட்மயர்: ரிஸ்ஸோ எலி, வெம்ப்ளி, டாக்கின் நாய் ஸ்ப்ராக்கெட். கேரல் ஸ்பின்னி: பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை. இயக்கியவர் பீட்டர் ஹாரிஸ். இங்கிலாந்தில் மப்பெட் ஷோ எடுத்த நாட்களிலேயே இவர்களோடு வேலை செய்து பழகியவர்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் கோயல்ஸ். மேடைப் பின்னணி எதுவும் கிடையாது. தொழில்துறை வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1970களில் பொம்மை செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஆட்டச் சொன்னபோது கூச்சப்பட்டிருக்கிறார். கான்ஸோவின் ஆரம்பகாலக் கண்களைப் பாருங்கள், அந்தக் கூச்சம் அப்படியே இருக்கும்.

ஒரே ஆள் ஆறு பொம்மை என்றால், அந்த ஆறும் ஒரே காட்சியில் வரும்போது என்ன செய்வார்கள்? (திருநெல்வேலி)

அருமையான கேள்வி. இந்த நிகழ்ச்சிக்கே இதுதான் பெரிய தலைவலி. மப்பெட் ஷோ, செசமி ஸ்ட்ரீட், ஃப்ராகிள் ராக் என்று மூன்று வீட்டுப் பொம்மைகள் ஒரே கூடத்தில். போதாததற்கு மப்பெட் பேபிஸும் (அதே பொம்மைகளின் குழந்தை வடிவங்கள்) பழைய வீட்டுப்படம் ஒன்றில் தலைகாட்டுகிறார்கள். ஆனால் மூன்று வீட்டுக்கும் கை கொடுப்பது கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

பாட்டு என்றால் வேலை சுலபம். முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்துவிடுவார்கள். படப்பிடிப்பில் முக்கியமான பொம்மையை உரியவர் பிடிப்பார், அவருடைய மற்ற பொம்மைகளைத் துணைக் கலைஞர்கள் பிடித்து வாயசைப்பார்கள். கூட்டமாகப் பாடுகிற காட்சியில் பொம்மைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலது உயிரோடு இருக்கும், சிலது சும்மா வாயைத் திறந்து மூடும். அப்படிச் சும்மா திறந்து மூடும் பொம்மைக்குள் உரியவரின் கை இல்லை என்று அர்த்தம்.

வசனம் என்றால் ஷாட் பிரித்து எடுப்பார்கள். ஃபாஸி ஒரு பனிமனிதனைச் செய்ய, அது உயிர்பெற்றுப் பேச, இரண்டும் ஜோடி சேர்ந்து காமெடி பண்ணும் இடம் இருக்கிறதல்லவா? அந்தப் பனிமனிதன் ரிச்சர்ட் ஹன்ட். எதிரே உட்கார்ந்து மானத்தை வாங்கும் ஸ்டாட்லரும் ஹன்ட்தான். ஜோக் சொன்னவரே தனக்குத் தானே ஊளையிட்டுக்கொள்கிறார்! இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை நேராக முகம் வைத்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை.

பிக் பேர்டுக்குள் ஆள் நிற்கிறாரா? எப்படிப் பார்க்கிறார்? (ஒரு அம்மா, கோவை. கேட்டது மகனாம், வயது 8)

குட்டித் தம்பிக்கு: ஆமாம், ஒரு மாமா உள்ளே நிற்கிறார். ஆனால் அவருக்கு வெளியே நடப்பது எதுவும் நேராகத் தெரியாது.

பெரியவர்களுக்கு: பறவையின் உயரம் 8 அடி 2 அங்குலம். ஸ்பின்னி தன் வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்திருப்பார், அதுதான் கழுத்து. உள்ளங்கை அலகு. சுண்டு விரலில் ஒரு நெம்புகோல், அதை அசைத்தால் கண் இமை அசையும். இடது கை இடது இறக்கைக்குள். அப்படியானால் வலது இறக்கை? மீன்பிடி நரம்பு ஒன்று இடது இறக்கையிலிருந்து கழுத்துப் பக்கமாகப் போய் வலது இறக்கையில் கட்டப்பட்டிருக்கும். இடது இறங்கினால் வலது ஏறும். மார்பில் ஒரு சின்னத் தொலைக்காட்சி கட்டியிருக்கும், காமிரா பார்ப்பது அதில் தெரியும். அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், பேச வேண்டும், பாட வேண்டும், தடுக்கி விழாமலும் இருக்க வேண்டும். வசனத் தாளையும் உள்ளேயே ஒட்டிவைத்துக்கொள்வார்.

ஒரு கொசுறு. கதையில் வான்கோழி ஒன்று தன்னை அடுப்பிலிருந்து காப்பாற்றிக்கொள்ள, பிக் பேர்டைச் சமைத்தால் இன்னும் நிறையப் பேருக்கு ஆகுமே என்று சமையல்காரரைத் திசைதிருப்பிவிடுகிறது. பிக் பேர்டின் மஞ்சள் இறகுகள் எதனுடையவை தெரியுமா? சாயமேற்றிய வான்கோழி இறகுகள்.

சமையல்காரருக்கு மட்டும் நிஜ மனிதக் கை இருக்கிறதே? (மாணவி, சேலம்)

இருக்கிறது. தலையும் குரலும் ஹென்சன். கைகள் இன்னொருவருடையவை, மப்பெட் ஷோ காலத்தில் பெரும்பாலும் ஃபிராங்க் ஓஸ். இருவரும் ஒட்டி நின்றுகொண்டு, ஒருவர் வாய்க்கு வந்த பாஷையில் உளற, மற்றவர் முட்டையைத் தூக்கி எறிவார். அடுத்து கை என்ன செய்யும் என்று தலைக்குத் தெரியாது. அந்தச் சமையல்காரரின் திருதிரு முழிக்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

மிஸ் பிக்கி, அம்மா கரடி எல்லாம் ஆண்கள் என்கிறீர்களே, குழுவில் பெண்களே இல்லையா? (ஆசிரியை, மதுரை)

இருக்கிறார்கள் அம்மா. ஃப்ராகிள்களில் ரெட், கேரன் ப்ரெல். மோக்கி, கேத்ரின் முல்லன். ப்ரெல் பிற்பாடு கணினி அனிமேஷனுக்குப் போய் பிக்ஸாரில் வேலை செய்தார். பொம்மை செய்தவர்களையும் மறக்கக் கூடாது. மிஸ் பிக்கியை 1974இல் வடிவமைத்துச் செய்தவர் பானி எரிக்சன் என்ற பெண்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேர் சொல்லும் பெண் பொம்மைகள் பெரும்பாலும் ஆண் கைகளில்தான் இருந்தன. நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் ஞாபகம் வரலாம். ஓஸின் பிக்கி அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவள்தான். ஆண் நடிக்கிறான் என்ற நினைப்பே வராது. பனிப்புயலில் சிக்கிக்கொண்டு, நிகழ்ச்சியின் பெரும்பகுதி தொலைபேசியில் மட்டுமே பேசிவிட்டு, கடைசியில் நாய்கள் இழுக்கும் வண்டியில் வந்து இறங்குகிறாள் பாருங்கள், அது நட்சத்திரத்தின் வருகை.

கதை வசனம் யார்? (சென்னை)

ஜெர்ரி ஜூல். 1961இல் ஹென்சனிடம் பொம்மை ஆட்ட வந்தவர், பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரைப் பற்றி யாருமே கேட்க மாட்டேன் என்கிறீர்களே என்று வருத்தமாக இருந்தது, ஒருவராவது கேட்டீர்கள்.

ஐம்பது நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் இத்தனை பாத்திரங்களுக்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தி ஞாபகம் வருகிறது, எந்த மாமாவையும் விட்டுவிட முடியாது. ஜூல் என்ன செய்கிறார்? புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் வழுக்கி விழ வைக்கிறார். அறிமுகமும் ஆயிற்று, சிரிப்பும் ஆயிற்று. நாலாவது முறை விழும்போது நமக்கே 'பார்த்து வாப்பா' என்று சொல்லத் தோன்றும்.

அதைவிட நுட்பமானது ஒன்று. மாடத்துக் கிழவர்கள் இருவரும் எமிலியின் பழைய நண்பர்களாம், கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குத்தான் வருவார்களாம். காலமெல்லாம் தன்னை மேடையில் ஓட ஓட விரட்டியவர்கள் தன் அம்மா வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் ஃபாஸியின் முகம்! அது ரப்பர் நுரையும் துணியும்தான். ஓஸ் விரலை எவ்வளவு மடக்கினார் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக் பாத்திரத்தில் வருபவர்? (தஞ்சாவூர்)

ஜெரார்ட் பார்க்ஸ். டப்ளினில் பிறந்து கனடாவில் குடியேறிய நடிகர். ஃப்ராகிள் ராக்கிலும் இவர்தான் டாக். அந்தத் தொடரை இங்கிலாந்தில் காட்டியபோது டாக்குக்குப் பதிலாக ஒரு கலங்கரை விளக்கக் காப்பாளர் வருவார், அவர் வேறு நடிகர்.

அமெரிக்க நிகழ்ச்சியை ஏன் டொராண்டோவில் எடுத்தார்கள்? (பெங்களூரு)

ஃப்ராகிள் ராக் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஆட்களும் பட்டறையும் பழகிய ஊர்.

நான் வாங்கிய டிவிடியில் சில பாட்டுகள் இல்லை. போலியா? (ஈரோடு)

போலி இல்லை. நிகழ்ச்சி முழுக்க ஏற்கெனவே பிரபலமான கிறிஸ்துமஸ் பாட்டுகள். ஒளிபரப்புக்கு அனுமதி வாங்குவது வேறு, வீட்டு வீடியோவுக்கு வாங்குவது வேறு. வாங்காத பாட்டுகள் வெட்டுப்பட்டன. வெட்டிய இடம் சில சமயம் பளிச்சென்று தெரியும், எரிச்சலாகத்தான் இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்துக் கைப்பொம்மை நாடகம் போடுகிறோம். இவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் அண்ணா? (ஆசிரியர், நாகர்கோவில்)

முதலில் கை வலியை எடுத்துக்கொள்வீர்கள். நான் ஒருமுறை தெரு விழாவில் காலுறைப் பொம்மையைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டாவது நிமிடத்தில் தோள் கெஞ்சியது, மூன்றாவதில் என் முயல் மேடைக்குள் மெல்ல மூழ்கிவிட்டது. குழந்தைகள் அதைத்தான் ரசித்துச் சிரித்தார்கள் என்பது வேறு விஷயம். தினம் கொஞ்ச நேரம் கையைத் தூக்கிப் பழகச் சொல்லுங்கள்.

அப்புறம் வாய். புதிதாக ஆட்டுபவர்கள் எல்லோரும் மேல் நாலு விரலையும் தூக்குவார்கள். பொம்மை வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல் ஆகும். நாலு விரலும் அசையாமல் இருக்க, கட்டைவிரலை மட்டும் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் திறக்க வேண்டாம், அழுத்தம் விழும் அசைக்குத் திறந்தால் போதும். 'வணக்கம்' என்றால் 'ணக்' விழும் இடத்தில் நன்றாகத் திறக்க வேண்டும்.

போன் காமிராவில் படம்பிடித்து ஒரு திரையில் பார்த்துக்கொண்டே ஆட்டினால் இன்னும் நல்லது. மப்பெட் கலைஞர்கள் கீழே வைத்த மானிட்டரைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார்கள், பொம்மையை அல்ல. ஒரு எச்சரிக்கை: அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்காது. கையை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் பொம்மை இடப்பக்கம் போகும். முதல் நாள் பிள்ளைகள் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும்.

கடைசியில் சமையலறையில் ஒரு தாடிக்காரர் எட்டிப் பார்க்கிறாரே, அவர் யார்? (இந்தக் கேள்வி ஒன்பது பேரிடமிருந்து)

அவர்தான் ஜிம் ஹென்சன்.

கூடத்தில் எல்லாப் பொம்மைகளும் பாடிக்கொண்டிருக்க, அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் சந்தோஷமாக இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்புகிறார். பக்கத்தில் துணைக்கு நிற்பது ஸ்ப்ராக்கெட் நாய். கூடத்தில் பாடும் தவளையும் ரௌல்ஃபும் எர்னியும் அவருடைய குரல்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால், கொஞ்சம் என்னவோ செய்யும்.

1990 மே 16 அன்று, 53 வயதில், ஹென்சன் இறந்துபோனார். கெர்மிட்டை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது அது ஸ்டீவ் விட்மயரின் கைக்குப் போனது, 2016 வரை அவரிடமே இருந்தது. ஸ்ப்ராக்கெட் யாருடைய பொம்மை என்று முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். அந்தச் சமையலறைக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.