குளத்து நாணலில் காய்ந்த தட்டைகளை அடியோடு வெட்டிவிடலாமா?

குளத்தோர நாணலில் பாதி காய்ந்த தட்டையாக நிற்கிறது, அதை அடியோடு அறுத்தால் புதுத் தளிர் நன்றாக வருமா என்பது கேள்வி. வெட்டலாம், ஆனால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அரிவாளை இறக்காதீர்கள். செத்துப்போனது போல நிற்கும் அந்தத் தட்டைகள் வழியாகத்தான் செடி மூச்சு விடுகிறது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தச் செடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிற உருளைக் கதிர் இருந்தால் அது சம்பு, புல்லே கிடையாது. கரும்புக்கு நெருங்கிய உறவான இன்னொரு புல்லையும் நாணல் என்றுதான் சொல்கிறோம். அதில் பட்டு மயிர் சிறுகதிரின், அதாவது கதிரில் உள்ள குட்டிப் பூக்கொத்தின், அடியிலிருந்து கிளம்பும். நான் இங்கே பேசுவது பிராக்மைட்டிஸ் பேரினத்தைப் பற்றி. கொறுக்கை என்றும் சொல்வார்கள். இதில் மயிர் சிறுகதிருக்கு உள்ளே, பூக்களைத் தாங்கும் மெல்லிய காம்பில் இருக்கும். ஒரு கைலென்ஸ் போதும். தண்டை முறித்தால் கணுக்களுக்கு நடுவே வெறும் குழல். இலை, தண்டைச் சுற்றியிருக்கும் தன் உறையோடு சேரும் இடத்தில் ஒரு வரிசை மயிர்.

1763இல் அதான்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வேலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். சிற்றினங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றில் பிராக்மைட்டிஸ் ஆஸ்திராலிஸ் அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் வளர்கிறது.

சரி, மூச்சுக்கு வருவோம். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கேதான் இதன் மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாகப் படரும் தண்டு, வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. காற்று மேலிருந்து வந்தாக வேண்டும். பச்சைத் தண்டின் இலையுறைக்குள் நீராவி நிறைந்திருக்கும். அதனால் உள்ளே ஆக்சிஜனின் பங்கும் நைட்ரஜனின் பங்கும் வெளியே இருப்பதைவிடக் குறைந்துபோகும். அதை ஈடுகட்ட வெளிக்காற்று நுண்ணிய இலைத்துளைகள் வழியாக ஊடுருவி உள்ளே வரும். துளைகள் மிகச் சிறியவை என்பதால் வந்த காற்று அதே வழியில் எளிதாகத் திரும்ப முடியாது. உள்ளே அழுத்தம் கூடும். காற்று தண்டுக்குழலில் இறங்கி, மட்டநிலத்தண்டைச் சுற்றி, முறிந்து கிடக்கும் பழைய தட்டைகள் வழியாக வெளியேறும். பச்சைத் தண்டு உள்மூச்சு வாங்க, காய்ந்த தட்டை வெளிமூச்சு விடுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல வெயிலில் ஒருநாள், தண்ணீருக்கு ஒரு விரல் ஆழத்தில் முறிந்திருந்த தட்டை ஒன்றின் வாயிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைப் பார்த்தேன். மேகம் மறைத்ததும் வேகம் குறைந்தது, வெயில் வந்ததும் மறுபடி கூடியது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இரவிலும் பச்சைத் தண்டு இல்லாத பருவத்திலும் காற்று வீசினாலே போதும். உயரமான தட்டையின் முறிந்த வாய்க்கு மேல் காற்று வேகமாகப் போகும்போது அது உள்காற்றை உறிஞ்சி இழுக்கிறது. தாழ்வாக, காற்று வேகம் குறைந்த இடத்தில் முறிந்திருக்கும் தட்டைகள் வழியாகப் புதுக்காற்று உள்ளே போகிறது. ஆகவே உயரமும் குட்டையுமாகத் தட்டைகள் கலந்து நிற்பது செடிக்கு நல்லது.

நாணல் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும் என்று சொல்கிறோம் அல்லவா, அதற்கும் மேலே ஒன்று உண்டு. இதன் இலையுறை தண்டைச் சுற்றித் திரும்பக்கூடியது. காற்று அடிக்கும்போது இலைகள் எல்லாம் ஒரே பக்கம் கொடிபோலத் திரும்பிவிடும். நின்று பார்த்தால் அவ்வளவு அழகு.

விதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது ஈரச் சேற்றில் முளைக்கும், தண்ணீருக்கு அடியில் முளைப்பது அரிது. பரவுவது பெரும்பாலும் மட்டநிலத்தண்டால்தான். அதில் மட்டும் கவனம் வேண்டும். வட அமெரிக்காவில் வெளியிலிருந்து வந்த ஒரு மரபுவகை, அங்கேயே இருந்த வகையை யாருக்கும் தெரியாமல் பல இடங்களில் ஓரங்கட்டியிருக்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்ததால், 2002இல் மரபணு ஆய்வு வந்த பிறகுதான் விஷயம் தெளிவானது.

அப்புறம், உங்கள் வேலைக்கு: தண்ணீர் எவ்வளவு உயரும் என்று கணக்குப் பார்த்து, அதற்கும் ஒரு சாண் மேலே வெட்டுங்கள். ஒரே வருடத்தில் முழுவதையும் வெட்டாமல் அங்கங்கே உயரமான தட்டைகளை விட்டுவையுங்கள். நாணலே வேண்டாம் என்று முடிவு செய்தால், வளரும் பருவத்தில் பச்சையையும் காய்ந்ததையும் சேர்த்துத் தண்ணீருக்கு அடியில் அறுங்கள். காற்று கிடைக்காமல் மட்டநிலத்தண்டு சேற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்.