நோர்ன் மீட்டுருவாக்கம்: கேள்வி பதில்

ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வழங்கி மறைந்த ஸ்காண்டிநேவிய மொழியான நோர்னைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: இம்மொழி ஏன் அழிந்தது?

டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியான், மகள் மார்கரெட்டின் சீதனத்துக்கு ஈடாக 1468இல் ஆர்க்னியையும் 1469இல் ஷெட்லாந்தையும் ஸ்காட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவில்லை. அதிகாரமும் தேவாலயமும், ஸ்காட்லாந்தில் வழங்கும் ஆங்கிலத்துக்கு நெருங்கிய மொழியான ஸ்காட்ஸ் பேசுவோர் வசமானதால், நோர்ன் மெல்ல வீட்டுக்குள் ஒடுங்கி, பிறகு வீட்டிலிருந்தும் மறைந்தது.

கேள்வி: சான்றுகளில் ஸ்காட்ஸின் தாக்கம் எது, மொழியின் இயல்பான மாற்றம் எது என்று எப்படிப் பிரிப்பது?

மீட்டுருவாக்கத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். இயற்கை ஆய்வாளர் ஜார்ஜ் லோ 1774இல் ஷெட்லாந்தின் ஃபூலா தீவுக்குச் சென்று, தமக்குத் தெரியாத அம்மொழியில் 35 செய்யுள் கொண்ட கதைப்பாடல் ஒன்றையும் கிறித்தவர்களின் 'பரமண்டல செபத்தையும்' காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அந்தச் செபத்தில் ரொட்டியைக் குறிக்கும் சொல் 'ப்ராவ்' என்பதுபோல் எழுதப்பட்டுள்ளது. நோர்ன் பிறந்த மூலமொழியான பழைய நோர்ஸில் அதன் இறுதியில், நம் 'அது' என்ற சொல்லில் ஒலிக்கும் தகரம் போன்ற ஒலி உண்டு. அது இங்கே இல்லை. ஸ்காட்ஸ்தான் அதை அழித்தது என்று பலர் உடனே முடிவுகட்டுகிறார்கள். ஆனால் ஸ்காட்ஸ் எட்டாத ஃபாரோ தீவுகளிலும் அதே சொல்லின் இறுதி ஒலி உச்சரிக்கப்படுவதில்லை. உறவுமொழியில் தானாகவே நிகழ்ந்த மாற்றத்துக்கு அயல்மொழியைக் குற்றம் சாட்டக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆர்க்னியின் தலைநகரின் பழைய பெயர் 'கிர்க்யுவாகர்', அதாவது தேவாலய விரிகுடா. ஸ்காட்ஸில் 'வா' என்றால் சுவர். பெயரின் பின்பாதியைச் சுவர் என்று கருதித் திருத்தியதில் அது 'கிர்க்வால்' ஆயிற்று. இது முழுக்க அயல்மொழியின் வேலை.

கேள்வி: ஃபாரோ மொழிதான் மிக நெருக்கம் என்றால், இல்லாத சொற்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாமே?

எடுக்கலாம், ஆனால் எடுத்தது என்ற அடையாளம் அச்சொல்லை விட்டு நீங்கக் கூடாது. மேலே சொன்ன ரொட்டியையே பாருங்கள்: ஃபாரோவில் 'ப்ரெய்', லோவின் எழுத்திலோ 'ப்ராவ்'. சான்று இல்லாதிருந்தால் நாம் தயக்கமின்றி 'ப்ரெய்' என்று எழுதி, தவறியிருப்போம்.

கேள்வி: பண்டைய ஸ்காண்டிநேவியரின் ரூன் எழுத்தில் நோர்னை எழுதலாமா?

ஆர்க்னியின் மேஸ்ஹவ் கல்லறையிலுள்ள ரூன்கள் 12ஆம் நூற்றாண்டு நோர்ஸ். அவை என் துறை அல்ல. ரூன் அறிஞர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்காட்ஸ் கலந்த சொற்களை எல்லாம் நீக்கித் தூய நோர்னை உருவாக்கலாம் அல்லவா?

இதே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பதில். எந்தக் காலத்து நோர்ன் உங்களுக்கு வேண்டும்? 1774இன் ஃபூலாக்காரர் இரு மொழிகளிலும் வாழ்ந்தவர். அவர் பேச்சிலிருந்து ஸ்காட்ஸைக் களைந்தால் மிஞ்சுவது யாரும் பேசியிராத மொழி. 1400இன் நோர்ன் வேண்டுமானால் அதைத் தனியே உருவாக்குங்கள். இரண்டையும் ஒரே அகராதியில் கலக்காதீர்கள்.

கேள்வி: ஆனால் யாகோப்சன் திரட்டிய சொற்களே ஸ்காட்ஸ் பேசியவர்களிடமிருந்து வந்தவைதானே? அவற்றை மட்டும் எப்படி நம்புவது?

நியாயமான மறுப்பு. ஃபாரோக்காரரான யாகோப் யாகோப்சன் 1893–95இல் ஷெட்லாந்தில் சுமார் 10,000 சொற்களைத் திரட்டினார். அப்போது நோர்ன் பேசுவோர் இல்லை; சில சொற்களுக்கு நோர்ஸ் வேர் காட்டுவதில் அவர் தாராளமாகவும் இருந்தார். ஆயினும் மீனவர்களின் கடற்சொற்களை நான் நம்புகிறேன். கடலில் தேவாலயத்தின் வழக்கமான பெயரைச் சொல்வது ஆகாது என்பதால் 'பெனிஹூஸ்', அதாவது செபவீடு, என்றார்கள். அந்த அச்சமே கரையில் மறைந்த சொல்லைப் படகில் காத்தது.

கேள்வி: ஐஸ்லாந்து மொழி இலக்கணத்தை அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. ஃபாரோ பற்றிய பதிலைப் படியுங்கள். அது ஐஸ்லாந்துக்கும் பொருந்தும்.